கைபேசியில் பொருள் வாங்குவோருக்கு உள்ள உரிமைகள்

தீபாவளிக்குத் துணி எடுக்க மதுரை விளக்குத்தூண் பக்கம் போகிறவரிடம் "இதுதான் கடைசி பீஸ்" என்று கடைக்காரர் சொன்னால், அலமாரியை ஒரு பார்வை பார்த்தோ அடுத்த கடைக்குள் நுழைந்தோ அதன் உண்மையை அறிந்துகொள்ளலாம். கைபேசித் திரையில் "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று சிவப்பு எழுத்து வரும்போது எட்டிப் பார்க்க அலமாரி கிடையாது. வாங்குபவரின் இந்தப் பதற்றத்தையும் மறதியையும் கூச்சத்தையும் கணக்கிட்டுத் திரையை வடிவமைக்கும் உத்திகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இவற்றில் 13 வகைகளைக் குறிப்பிட்டுத் தடை செய்கின்றன.

கேட்காமலேயே காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது, தொடக்கத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பணம் செலுத்தும் கட்டத்தில் புதுக் கட்டணங்களை நுழைப்பது, சந்தாவில் சேர ஒரு தட்டும் விலகப் பத்துத் தட்டுமாக வைப்பது ஆகியவை இதில் அடங்கும். இருப்பு உண்மையிலேயே இரண்டுதான் என்றால் அதைச் சொல்வது குற்றமல்ல. பொய்யான அவசரமே தடை செய்யப்பட்டது.

இதற்கு முன்பே வந்த 2020 மின்வணிக விதிகளின்படி, வாங்குபவரின் ஒப்புதலை முன்கூட்டியே டிக் செய்த கட்டங்கள் மூலம் பெறக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலரை நியமித்து, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். எனவே முதல் புகாரை அவருக்கே எழுத்தில் அனுப்புவது நல்லது. ரசீதை எல்லோரும் வைத்திருப்பார்கள். ஏமாற்றிய திரையைப் படம் எடுத்து வைத்திருப்பவர் அரிது, ஆனால் அந்தப் படமே வலுவான சான்று.

நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உதவி மையம் சமரசத்துக்கு முயலுமே தவிர, உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு.

பலரும் அறியாதது இதுதான்: 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எதிர்த்தரப்பு இயங்கும் ஊரிலோ வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019 சட்டமோ புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே புகார் செய்ய வழிவிட்டது. ஆகவே உசிலம்பட்டியில் வசிப்பவர், நிறுவனம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், மதுரை மாவட்ட ஆணையத்தையே அணுகலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, நுகர்வோர் புகார்களுக்கான அரசு இணையதளமான 'இ-ஜாக்ரிதி' வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

மறுவிற்பனைக்காக வாங்கும் வியாபாரி இச்சட்டப்படி நுகர்வோர் அல்லர். சொந்தப் பிழைப்புக்காகத் தையல் இயந்திரம் வாங்கும் தையல்காரர் நுகர்வோரே. விற்ற தளமே போலியானது என்று தெரிந்தால் ஆணையத்துக்குப் போகும்வரை காத்திராமல், பணம் போன உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.