பிள்ளை தீவிரவாதக் குழுவின் பக்கம் சாய்வதாகத் தெரிந்தால்: கோலாலம்பூர் குடும்பங்களுக்கான சட்டமும் உதவியும்

வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுக்க மலேசியாவில் ஒரு தேசிய நடவடிக்கைத் திட்டம் இருக்கிறது. மைபிசிவிஇ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உள்துறை அமைச்சின் பொறுப்பில் 2024 செப்டம்பரில் தொடங்கியது, 2028 வரை நடக்கும். தடுப்பு, அமலாக்கம், மறுவாழ்வு, வலுப்படுத்துதல் என்று நான்கு தூண்கள். ஆனால் இது அரசாங்கம் தருகிற எஸ்.டி.ஆர். உதவித்தொகை மாதிரி ஃபாரம் நிரப்பி வாங்குகிற காரியம் இல்லை. செந்தூல் ஃபிளாட்டில் மகனைப் பார்த்துப் பயந்துபோயிருக்கும் ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியது, எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பதுதான். குற்றம் என்று சொல்லும்படி எதுவும் நடப்பதற்கு முன் போனால் பல கதவுகள் திறந்திருக்கும். நடந்த பிறகு பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும், அது சொஸ்மா என்கிற பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம்.

முதலில் எது அறிகுறி இல்லை என்பதைச் சொல்லிவிடுவோம், ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. தொழுகை கூடுவது, தாடி வளர்ப்பது, ருத்திராட்சம் கட்டுவது, இந்தியர் உரிமை பற்றிக் கோபமாகப் பேசுவது, ஈழ வரலாறு படிப்பது, இவை எதுவுமே தீவிரவாதம் ஆகாது. பக்தியையும் அரசியலையும் சந்தேகப்பட்டால் பிள்ளை பேசுவதை நிறுத்திவிடுவான்.

கவலைப்பட வேண்டியது பல மாற்றங்கள் சில வாரங்களுக்குள் சேர்ந்து வரும்போது. பழைய கூட்டாளிகளை ஒரேயடியாக விடுவது, இரண்டாவது கைப்பேசி, ஒரு இனத்தையோ மதத்தையோ மனிதர்களே இல்லை என்பதுபோல் பேசுவது, எங்கோ நடந்த கொலையை ‘சரியாத்தான் செஞ்சாங்க’ என்று நியாயப்படுத்துவது, காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட் எடுப்பது, சொந்தப் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. படிப்பை விட்டவர்கள், வேலை போனவர்கள், மைகார்ட் (அடையாள அட்டை) இல்லாமல் ஒதுக்கப்பட்டவர்கள், வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு தனித்துப் போனவர்கள், சிகிச்சை பெறாத மனநோய் உள்ளவர்கள், இவர்களைத்தான் ஆள் பிடிப்பவர்கள் தேடுகிறார்கள்.

பிடிக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பொதுத் தளத்தில் ஒரு வீடியோ, அதன் கீழே பழக்கம், பிறகு டெலிகிராமில் தனிக் குழு, கடைசியில் ஒரே ஒரு ‘அண்ணன்’. அந்த அண்ணன் முதலில் எதையும் கேட்க மாட்டார். காது கொடுத்துக் கேட்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு சின்ன வேலை வரும்: உன் பெயரில் ஒரு சிம் கார்டு, ஏடிஎம் அட்டையை ஒரு வாரம் கொடு, ஐம்பது ரிங்கிட் அனுப்பு, இந்தக் கட்டடத்தைப் படம் எடு. அது முடிந்ததும், ‘நீயும் இப்ப உள்ளே இருக்கே’ என்ற மிரட்டல். நம் பையன்களைக் குண்டர் கும்பல்கள் இழுப்பதும் இப்படித்தான், அதற்கும் சொஸ்மாவே பாயும். கும்பல் உறுப்பினர் என்று தண்டனைச் சட்டம் 130வி பிரிவில் நிரூபணமானால் 5 முதல் 20 ஆண்டு சிறை. ஆகவே அந்தச் சின்ன வேலைக்கு முன்னால் தலையிடுவதே எல்லாவற்றையும்விட முக்கியம்.

கைப்பேசியைப் பிடுங்கி அடிப்பதால் பயனில்லை. வேறொரு கைப்பேசி வரும், உங்களுக்குத் தெரியாமல் வரும். ஈப்போவிலுள்ள மாமா வீட்டுக்கு அனுப்பினாலும் குழு கூடவே போகும். உட்காரவைத்துக் கேளுங்கள்: “யாருப்பா அந்த அண்ணன்? நேர்ல பார்த்திருக்கியா? உன்கிட்ட ஏதாவது வாங்கித் தரச் சொன்னாரா?” கொள்கையைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம், வாதத்துக்கு அவனைத் தயார்படுத்தித்தான் வைத்திருப்பார்கள். மதம் பற்றிய பேச்சு தேவைப்பட்டால் அவன் மதிக்கிற ஒருவரை, பள்ளிவாசல் இமாமோ கோயில் பெரியவரோ, அழைத்து வாருங்கள்.

அவன் அனுப்பிய வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு ‘பாருங்க’ என்று கேட்பது பெரிய ஆபத்து. தண்டனைச் சட்டத்தின் 130ஜேபி பிரிவின்படி பயங்கரவாதக் குழு தொடர்பான காணொளி, கொடி, சின்னம், புத்தகம் போன்றவற்றை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. விடுதலைப் புலிகள் இயக்கமும் 2014 முதல் இங்கே பயங்கரவாதக் குழுக்களின் பட்டியலில் இருக்கிறது. 2019 அக்டோபரில் அதன் தொடர்பு என்று 12 பேர் சொஸ்மாவில் கைதானார்கள், 2020 பிப்ரவரியில்தான் சட்டத்துறைத் தலைவர் வழக்கைக் கைவிட்டார். எனவே எதையும் பதிவிறக்கவோ பகிரவோ வேண்டாம். கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதிவையுங்கள்.

ஆலோசனைக்கு: பள்ளிப் பிள்ளை என்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியர். 15999 தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 24 மணி நேரமும் இயங்கும். மனச்சோர்வு, தூக்கமின்மை, காதில் குரல் கேட்பது போன்றவை இருந்தால் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் வாங்கினால் மனநல நிபுணரைப் பார்க்கலாம். யாரையாவது தாக்கப் போவதாகப் பேசினாலோ ஆயுதம் கண்ணில் பட்டாலோ உடனே 999. பயங்கரவாதச் செயல் நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் இருந்தும் தெரிந்தே தகவலை மறைத்தால் தண்டனைச் சட்டம் 130எம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. பெற்ற பாசம் அதற்கு விலக்கு ஆகாது.

கைதாகிவிட்டால், குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று சொஸ்மாவின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. வழக்கறிஞரைப் பார்ப்பதைப் போலீஸ் தள்ளிப்போடலாம், ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் முடியாது. முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு, சூப்பரிண்டெண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி விசாரணைக்காகக் காவலை 28 நாள் வரை நீட்டிக்கலாம், நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட பிறகு 18 வயதுக்கு உட்பட்டோர், பெண்கள், நோயாளிகள் ஜாமீன் கேட்க வழி உண்டு. ஆனால் பயங்கரவாதக் குற்றங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. 16 வயதுப் பையனின் பெற்றோர் பலர் இதைத் தெரியாமல் நம்பிக்கையோடு நீதிமன்றம் போகிறார்கள்.

ஸ்டேஷனில் கேட்டு எழுத வேண்டியவை நான்கு: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, விசாரணை அதிகாரி யார், எங்கே வைத்திருக்கிறார்கள். மருந்து சாப்பிடுகிறவன் என்றால் மருந்துச் சீட்டின் நகலையும் கொடுத்துவிடுங்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்கள் அன்றே தேசிய சட்ட உதவி அறவாரியத்தையும் கோலாலம்பூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் கேளுங்கள். தடுப்புக் காவலில் அடி உதை என்று தெரிந்தால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கு, பணம் கட்டுனா வெளியே எடுத்துரலாம்’ என்று யாராவது வந்தால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். விசாரணையை முடித்து வைக்க அப்படிக் கட்டணம் எதுவும் சட்டத்தில் இல்லை.