காந்தப் புயல் வந்தால் டிகோடரை அணைக்க வேண்டுமா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் தட்டையும், படத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிகோடர் பெட்டியையும் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். 'காந்தப் புயல் வருகிறது, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்' என்று புலனத்தில் செய்தி சுற்றினால் அன்றைக்கு என் கைப்பேசி ஓயாது. "தம்பி, டிகோடர் வெடிச்சிடுமா?" வெடிக்காது பாட்டி.

அதற்காகப் புயலே பொய் என்று சொல்லவில்லை. சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று, பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவதுதான் காந்தப் புயல். அடி விழும் இடம் வேறு. நம் தட்டு பார்க்கும் மியாசாட் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 91.5 பாகை கிழக்கில் இருக்கின்றன. கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. அதனால்தான் இங்கே தட்டுகள் அண்ணாந்து கிடக்கின்றன. அந்த உயரம் வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களில் வெளி வளையத்துக்குள் வருகிறது. 1958இல் எக்ஸ்புளோரர் 1 காட்டிக்கொடுத்த வளையங்கள் இவை. உள்ளே புரோட்டான்கள், வெளியே எலக்ட்ரான்கள். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, வடக்கும் தெற்குமாக எகிறிக்கொண்டே பூமியைச் சுற்றிவரும்.

புயல் என்றால் வெளி வளையத்தில் எலக்ட்ரான் கூடத்தான் வேண்டும் என்று நானும் நினைத்ததுண்டு. 2003இல் வந்த ஓர் ஆய்வு 276 புயல்களை அலசியது. ஏறக்குறைய பாதியில்தான் கூடியிருந்தது, கால்வாசியில் குறைந்தேவிட்டது, மீதியில் பெரிய மாற்றமில்லை. காரணம், புயலுக்கு இரண்டு வேலை. சூரியக் காற்று காந்தப்புலத்தின் எல்லையை உள்ளே நெருக்கும்போது, விளிம்பில் சுற்றும் எலக்ட்ரான்கள் வெளியே தப்பிவிடும். அங்கே எழும் சில மின்காந்த அலைகள் இன்னும் கொஞ்சத்தை வளிமண்டலத்தில் கொட்டிவிடும். அப்புறம் வேறு அலைகள் மிச்சமிருப்பதை முடுக்கும். அவற்றில் ஒன்றை ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலைக் குருவிச் சத்தம்போலவே இருக்கும். எந்தக் கை ஓங்குகிறதோ அதுதான் முடிவு.

ஆகவே புயல் அடிக்கும் நாளைவிட, அது தணிந்து ஓரிரு நாள் கழித்துத்தான் செயற்கைக்கோள்காரர்கள் அதிகம் பயப்படுவார்கள். வேகமேறிய எலக்ட்ரான்கள் உலோக உறையையே துளைத்து உள்ளே போய்க் கம்பி உறைகளில் தங்கும். சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் பொறி பறக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் செயற்கைக்கோள்கள் இரண்டு இப்படித்தான் அடுத்தடுத்துத் தடுமாறின. ஒன்று சில மணி நேரத்தில் மீண்டது. மற்றதை மீட்க மாதக்கணக்கானது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். வளையத்து எலக்ட்ரான் உங்கள் வரவேற்பறைக்கு வராது. அடைமழையில் படம் போனால் கால் மணி நேரம் பொறுங்கள். மழை விட்டும் வரவில்லையா? கேபிள் நுனியில் பச்சை பூத்திருக்கும், அல்லது தட்டின் முனையிலுள்ள மூடி விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கியிருக்கும். நான் கழற்றுவதில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான். ஈரத் தகரத்தில் ஏறிப் பார்க்காதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். டிகோடரை அணைத்துப் பிளக்கையும் பிடுங்க வேண்டியது இடி மின்னலுக்கு.