விடியற்காலையில் மஞ்சள் நுரை: நாய்க்கு ராத்திரி ஒரு பிடி சோறு

"டாக்டரம்மா, டைகர் இன்னைக்கும் மஞ்சளா கக்கிப்போட்டானுங்க. ரெண்டு நாளா ராச்சோறே போடலீங்க, அப்பவும் நிக்கல."

காலை ஆறரை மணிக்கு வந்த போன் அது. பேசியவர் தென்னை மரத்தில் கள் இறக்கும் தொழிலாளி. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையோர ஊர்களிலிருந்துதான் பெரும்பாலும் வருவார்கள். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், பேச்சு கோயமுத்தூர்த் தமிழாக இருக்கும். இந்த ஊர்களில் எந்த வீட்டு நாய் காலையில் வாந்தி எடுத்தாலும் முதலில் காதில் விழும் யோசனை ஒன்றுதான்: "பித்தம் ஏறியிருக்கு, ஒரு நேரம் பட்டினி போடு, சரியாகிடும்."

இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த யோசனைக்காகத்தான். வெறும் வயிற்றில் வரும் மஞ்சள் வாந்திக்குப் பட்டினி மருந்து இல்லை. பட்டினிதான் அங்கே காரணம்.

டைகரைக் கூட்டிவரச் சொன்னேன். நாலு வயது நாட்டு நாய், பதினெட்டு கிலோ. மேசையில் ஏற்றியதும் என் கையை நக்கினான். வாலாட்டல் குறையவில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன்: ஈரமாக, ரோஸ் நிறத்தில் இருந்தது. விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பியது. பிடரித் தோலைத் தூக்கி விட்டால் உடனே படிந்தது. காய்ச்சல் இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்ததில் எங்கும் கட்டியோ வலியோ தெரியவில்லை. அவர் மகள் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். சிமென்ட் வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் தண்ணி, மேலே நுரை, அடியில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பு. சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் கடித்துத் துப்பிய இரண்டு புல் இழை.

அப்புறம் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டேன். கள் இறக்குகிறவர் விடிவதற்கு முன்பே தோப்புக்குப் போயாக வேண்டும். அதனால் அந்த வீட்டில் ஆறரை, ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். டைகருக்கும் அப்போதே வைத்துவிடுவார்கள். மறுநாள் அவர் தோப்பிலிருந்து திரும்பிச் சாப்பிட உட்காரும்போதுதான் நாய்க்கு அடுத்த வேளை. அதற்குள் மணி பத்தாகிவிடும். ஆக, பதினைந்து மணி நேரம் வயிறு காலி. வாந்தி வரும் நேரம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில். ஆரம்பத்தில் வாரம் இரண்டு தடவை இருந்தது, ராச்சோற்றை நிறுத்திய பிறகு தினமும் ஆகிவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். பித்தநீர் கல்லீரலில் சுரந்து, பித்தப்பையில் சேர்ந்து, சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து விழுகிறது. கொழுப்பைச் செரிக்க அது வேண்டும். அதற்குரிய இடம் குடல், இரைப்பை இல்லை. நெடுநேரம் இரைப்பை காலியாகக் கிடந்தால் சில நாய்களுக்கு இந்த நீர் பின்பக்கமாக இரைப்பைக்குள் ஏறிவிடும். அங்கே சோறு இருந்தால் அதோடு கலந்துவிடும். ஒன்றும் இல்லாதபோது இரைப்பையின் உள்சுவரை நேராக அரிக்கிறது. நாய் நாக்கைச் சப்பும், எச்சில் விழுங்கும், புல்லைத் தேடிப் போகும். அப்புறம் விலா எடுத்து எடுத்து நாலைந்து தடவை குமட்டி, ஒரு கைப்பிடி மஞ்சள் நீரைக் கொட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து தட்டைப் பார்க்கும். கால்நடை மருத்துவத்தில் இதற்கு பிலியஸ் வாமிட்டிங் சிண்ட்ரோம் என்று பெயர். நம் வீட்டில் பித்த வாந்தி என்று சொல்வதும் கிட்டத்தட்ட சரிதான். வைத்தியம்தான் தலைகீழாகிவிடுகிறது.

டைகருக்கு நான் மாத்திரை எதுவும் எழுதவில்லை. நாள் முழுக்கப் போடும் சோற்றின் அளவைக் கூட்ட வேண்டாம், பிரித்துப் போடுங்கள் என்றேன். மொத்தத்தில் கால் பங்கை எடுத்து வைத்து, வீட்டில் விளக்கணைக்கும் நேரத்தில் கொடுக்க வேண்டும். இந்த எடைக்கு இரண்டு இட்லி, இல்லை ஒரு பிடி குழைந்த சோற்றோடு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போதும். பொமரேனியன் மாதிரி குட்டி நாய்க்கு அரை இட்லியே நிறைவு. விடியற்காலையில் அவர் எழுந்ததும், கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், இன்னொரு வாய். அவர்கள் எட்டரைக்கே படுத்துவிடுவார்கள், ஆனால் மகள் பத்து மணி வரை படிக்கிறாள். அதனால் ராத்திரிப் பங்கு அவள் பொறுப்பானது.

எந்த மாதிரி சோறு என்பதும் முக்கியம். கொழுப்பு கூடினால் இரைப்பை காலியாவது தாமதப்படும், குமட்டலும் கூடும். கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவை ராத்திரி நேரத்தில் அறவே வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் நாய்க்கு வைப்பது பெரும்பாலும் மீன்குழம்பு பிசைந்த சோறு. அதில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. குழம்பு ஊற்றும் முன் நாய்க்குரியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். உப்பில்லாமல் வெந்த மீனை முள் நீக்கிப் போட்டால் அதுவே நல்ல சாப்பாடு.

எனக்குப் போதுமான கணக்கு ஒரு வாரம். மாதக் காலண்டரில் வாந்தி வந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் மணி. அவ்வளவு எழுதினால் போதும் என்றேன். டைகரின் காலண்டரில் முதல் இரண்டு நாள் குறி இருந்தது, அதற்கப்புறம் இல்லை.

எல்லாம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. முதலமடைப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் காவலுக்கு இருந்த லாப்ரடாரை நான் மறக்க மாட்டேன். அங்கே மாங்காய்ப் பருவம் மற்ற ஊர்களுக்கு முந்தியே தொடங்கிவிடும். "காலையில வெறும் வயித்துல மஞ்சளா எடுக்குதுங்க" என்றுதான் அவர்களும் சொன்னார்கள். சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. ராத்திரிச் சோறு சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது தட்டையே பார்க்கவில்லை. முன்னங்காலைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, கும்பிடுவது போல நின்றது. வயிற்று வலி இருக்கிற நாய் அப்படி நிற்கும். ஸ்கேனில் குடலில் மாங்கொட்டை. மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, அறுவைச் சிகிச்சையில் எடுத்தார்கள், நாய் பிழைத்தது. முதல் நாளே "தோப்பில் என்ன கிடக்கிறது, எதைக் கடிக்கிறது?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து, சாப்பாட்டு நேரம் கேட்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். மாங்கொட்டை, சோளக் கதிர்த் தண்டு, தேங்காய் நார், எலும்பு என்று எங்கள் ஊர்த் தோட்டத்தில் குடலை அடைக்கக்கூடியவை நிறைய உண்டு.

அதனால், பித்த வாந்தி என்று முடிவு கட்டும் முன் நாயைப் பாருங்கள். வாந்தி எடுத்த அரை மணியில் வழக்கம்போல சாப்பிடுகிறதா, ஓடுகிறதா, வெளிக்குப் போவது சரியாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ராத்திரிச் சோற்றை ஒரு வாரம் செய்து பார்க்கலாம். பகலிலும் வாந்தி வந்தால், சாப்பிட மறுத்தால், குடித்த தண்ணீரும் நிற்காவிட்டால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரி கறுப்போ தெரிந்தால், நாய் மெலிந்துகொண்டே போனால், அது வேறு கதை. சிறுநீரகம், கல்லீரல், கணையம் எதுவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது.

வயிறு உப்பி, குமட்டிக் குமட்டி ஒன்றும் வெளியே வராமல் நாய் தவித்தால் ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காதீர்கள். இரைப்பை காற்றடைத்துத் திருகிக்கொண்டிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இது வரும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று நினைக்க அங்கே நேரம் கிடையாது.

குட்டிகள் விஷயமும் தனி. தடுப்பூசி போடாத குட்டி மஞ்சளாக வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்தால் நான் முதலில் பார்வோ என்ற குடல் வைரஸ் நோயைத்தான் சந்தேகிப்பேன், ரத்தக் கழிச்சல் வரும்வரை காத்திருக்க மாட்டேன். குட்டியைப் பட்டினி போடவே கூடாது, ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் வரை கொண்டுபோக வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறார்கள்.

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இன்னொரு பயம் சேர்ந்துகொள்கிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவும் லெப்டோ. கேரளத்தில் இதை எலிப்பனி என்பார்கள், அந்தப் பெயரைக் கேட்காதவர் இங்கே இல்லை. நாய்க்கும் அது வரும். வாந்தியோடு காய்ச்சல், கண் வெள்ளையிலும் ஈறிலும் மஞ்சள், அடர்நிற மூத்திரம் என்று கண்டால் தயங்காமல் கொண்டுவாருங்கள். அந்த நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள், மனிதருக்கும் தொற்றும். வாந்தி மஞ்சளாக இருப்பது ஒன்று, நாயே மஞ்சளாவது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தபடி மூன்று நாளைக் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் எடுக்கும் நாய் காலையில் வாந்தி எடுத்தால், மாத்திரை எப்போது கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். வெறும் வயிற்றில் அது பல நாய்களுக்குக் குமட்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சோற்றுக்கு நடுவில் வைத்துக் கொடுங்கள், பல நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

வீட்டு மருந்துப் பெட்டியைப் பற்றி: நமக்கு வாங்கிய வாந்தி மாத்திரை, அசிடிட்டி மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சோற்றைப் பிரித்துப் போட்டும் நிற்காத சில நாய்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தோ, இரைப்பையின் அசைவைச் சீராக்கும் மருந்தோ நானே எழுதுவதுண்டு. ஆனால் குடலில் அடைப்பு இருக்கும்போது, அசைவைத் தூண்டும் மெட்டோகுளோப்ரமைடு என்ற மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. அந்த லாப்ரடாருக்கு அன்று யாராவது அதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மூன்றையும் நாயின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சைச் சாறும் வேண்டாம், ஏற்கனவே எரிகிற வயிறு அது. வாந்தி எடுத்ததும் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தால் மொடமொடவென்று குடித்துத் திரும்ப எடுக்கும். கால் மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள்.

டைகர் ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தான். தைப்பூசத்துக்கு வீட்டார் எல்லாரும் பழனிக்கு நடந்து போனார்கள், நாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, சாயங்காலமே வயிறு முட்டச் சோறு போட்டார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் மறுபடியும் மஞ்சள் நுரை. பழனியிலிருந்தே அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். டைகரின் வயிற்றுச் சுபாவமே அப்படித்தான், காலம் முழுக்க ராத்திரிப் பங்கு வேண்டியிருக்கும் என்று சொன்னேன். "சரிங்க டாக்டரம்மா, பத்து மணிக்கு ரெண்டு இட்லி போடச் சொல்லி அந்த அக்காகிட்ட இப்பவே சொல்லிடறேனுங்க" என்று போனை வைத்தாள்.