மூட்டு மாற்று அறுவைக்குப் பின் வீட்டுக்கு வரும் இலவச பிசியோ: எங்கே தட்டிக்கழிப்பார்கள்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முட்டி நன்றாக மடங்குவதும் முழுசாக நீள்வதும் அடுத்த ஆறு வாரப் பயிற்சியில்தான் இருக்கிறது. தனியார் பிசியோவுக்குக் கொடுக்கக் காசில்லாமல் அந்த ஆறு வாரத்தையும் கட்டிலிலேயே கழித்து, கால் விறைத்துப் போனவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறது, இலவசமாக. அரசு ஆவணங்களில் ‘இயன்முறை சிகிச்சை’ என்று இருக்கும். அதைச் சொல்லியே கேளுங்கள்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி தகவல் சொல்லிவிடும் என்று காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டிலிருந்து ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும்.

“காப்பீட்டு அட்டை இருக்கா?” என்பார்கள். அந்த அட்டையும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வருமான வரம்பும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு, அதாவது ஆபரேஷன் செலவுக்கு. வீட்டு பிசியோவுக்கு அது வேண்டாம். தனியாரில் காசு கட்டிச் செய்துகொண்டவரும் கேட்கலாம்.

அடுத்தது முகவரி. அம்மாவின் ரேஷன் கார்டு ஊரில் இருக்கும், ஆபரேஷனுக்குப் பின் மகள் வீட்டில் படுத்திருப்பார். “உங்க ஊர்லயே கேளுங்க” என்று திருப்பி அனுப்புவார்கள். ஊர் ஆட்கள் இங்கே வரப்போவதில்லை. இப்போது தங்கியிருக்கும் வீட்டு முகவரியைக் கொடுத்து, அந்தப் பகுதி சுகாதாரத் தன்னார்வலரின் போன் நம்பரை வாங்காமல் நகராதீர்கள். பதில் இல்லையென்றால் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள், அரசின் சுகாதார உதவி எண் 104-க்கும் போன் போடுங்கள். சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் கால், ஆபரேஷன் தேதி, காலில் எவ்வளவு எடை ஊன்றலாம், தையலுக்குப் போட்ட பின்னை (ஸ்டேப்பிள்) எடுக்கும் நாள் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். எடை ஊன்றும் விவரம் இல்லாவிட்டால் வருகிற பிசியோ நடக்க வைக்கத் தயங்குவார். அந்த ஒரு வரிக்காக மறுபடி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும்.

பிசியோ தினமும் வரமாட்டார். ஒருவர் பல ஊர்களைப் பார்க்கிறார். முதல் நாளே பயிற்சிகளைச் செய்துகாட்டச் சொல்லி போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் பயிற்சி செய்தால் தாங்க முடியும். முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தானாக நீளும். இரண்டு வாரத்தில் 90 டிகிரிக்கு மடங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பிசியோ வரட்டும் என்று பார்க்காதீர்கள். அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே 108.