'கோகனட் கறி'க்குத் தமிழில் என்ன பெயர்?

கொங்கு நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் "கறி எடுத்தாச்சுங்களா?" என்று யாராவது கேட்டால், கேட்பது ஆட்டுக்கறியைத்தான். கறிக்கடை, கறிக்குழம்பு, கறிவிருந்து எல்லாம் அந்த வகையறாதான். கோழி என்றால் கோழி என்றே சொல்லிவிடுவார்கள். இந்த ஊரில் யூடியூப் பார்த்து 'கோகனட் கறி' செய்யக் கற்றுக்கொண்ட மருமகள், புரட்டாசிச் சனிக்கிழமையில் "இன்னைக்குத் தேங்காய்க் கறிங்க அத்தை" என்றால், அத்தைக்குத் தூக்கிவாரிப் போடும். கேரட்டும் பீன்ஸும்தான் போட்டிருக்கிறது என்று புரிய வைப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

இத்தனைக்கும் கறி அசல் தமிழ்ச் சொல். பழந்தமிழில் அதற்கு மிளகு என்று பொருள். முசிறித் துறைக்கு யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து 'கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு. பொன்னைக் கொடுத்து வாங்கிப் போனது மிளகை. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சமையல் குறிப்பே இருக்கிறது: மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, வெண்ணெயில் வேகவைத்து, கறி கலந்து, கஞ்சக இலை போடுவது. கஞ்சகம் என்பது கறிவேப்பிலை. மிளகாய் மட்டும் இல்லை, இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. மிளகைப் போலக் காரமாக இருந்த காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம்.

மிளகு எப்படிச் சமைத்த பண்டமாக மாறியது? மிளகு போட்டுச் சமைத்ததால் கறி என்று ஒரு விளக்கம் உண்டு. கடித்துத் தின்பதைக் குறிக்கும் 'கறித்தல்' என்ற வினையிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. சந்தையில் பச்சையாகக் குவிந்து கிடக்கும்போதே 'காய்கறி' என்கிறோமே, அதில் மிளகு எங்கே இருக்கிறது?

போர்ச்சுக்கீசியர் இந்தச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கரில்' ஆக்கிக்கொண்டார்கள், ஆங்கிலேயர் 'கரி' ஆக்கினார்கள். ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் 'கரி'க்கு ஒரு குறிப்பு இருக்கிறது. முதல் பதிப்பில் மிளகும் மல்லியும்தான் மசாலா. மஞ்சளும் இஞ்சியும் பின்னால் வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தன. அப்புறம் மசாலாவும் சாறும் சேர்ந்த எல்லாவற்றுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தாய்லாந்துக்காரர் 'கேங்' என்று சொல்லும் பண்டம்கூட நம் ஊர் ஓட்டல் மெனுவில் 'கிரீன் கறி'தான்.

வெள்ளைக்காரர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. கோவையிலிருந்து வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனாலே கடலைக்கறியும் மீன்கறியும் குழம்பாகத்தான் வரும். யாழ்ப்பாணத்திலும் அப்படியே. நம்மிடையே சில வீடுகளில் கத்தரிக்காய்க் கறி என்றால் சொட்டுச் சாறு இல்லாத பொரியல்.

தேங்காயில் இவ்வளவு குழப்பம் இல்லை. தெங்கு என்பது மரம், அதன் காய் தேங்காய். தெங்கு என்ற சொல்லுக்குப் பின் 'காய்' வந்தால் முதலெழுத்து நீண்டு கடைசி எழுத்து கெடும் என்று நன்னூலில் விதியே இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தியாரைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள்.

சரி, 'கோகனட் கறி'க்குத் தமிழ் என்ன? ஒரே சொல் தேடினால் கிடைக்காது. தேங்காய் எந்த உருவத்தில் சட்டிக்குள் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

அரைத்து ஊற்றினால் குழம்பு. குழம்புதல் என்றால் கெட்டியாகக் கலத்தல். சந்தனக் குழம்பிலும் அதே சொல்தான். கொங்கு வீட்டில் சுலபமாகச் செய்வது இது: இரண்டு கரண்டி மல்லி, ஐந்து வரமிளகாய், அரைக் கரண்டி மிளகு, கொஞ்சம் சீரகம், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் எண்ணெயில் வறுத்து, கடைசியில் அரை மூடித் தேங்காய்த் துருவலைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி ஆறவிடுங்கள். துருவல் செந்நிறமாகக் காத்திருக்க வேண்டாம், ஈரம் வற்றி வாசனை வந்தால் போதும். மைய அரைத்து, வெந்த கத்தரிக்காயிலோ முருங்கைக்காயிலோ ஊற்றி, எண்ணெய் மேலே பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். மல்லியும் தேங்காய்ச் சக்கையும் குழம்பைத் தாங்கிப் பிடிப்பதால் எவ்வளவு கொதித்தாலும் கவலையில்லை.

பால் எடுத்துச் செய்வது வேறு விஷயம். எங்கள் பக்கம் தேங்காய்ப்பால் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இடியாப்பம் போலப் பிழிந்தெடுக்கும் சந்தகைதான். வெல்லமும் ஏலக்காயும் போட்டு இனிப்பாக ஊற்றிக்கொள்வது. காரத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றும் பழக்கம் திருநெல்வேலிக்காரர்களுக்கும் ஈழத்தாருக்கும்தான் அதிகம். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் சொதி. டப்பாத் தேங்காய்ப்பாலைக் காட்டி வெளிநாட்டார் 'ஈசி கோகனட் கறி' என்கிறார்களே, அதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் இதுதான். சொதி புரியாத வீட்டில் 'தேங்காய்ப்பால் குழம்பு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதில் ஒரே ஒரு நுட்பம்தான். ஒரு மூடித் துருவலை வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் வருவது முதற்பால். சக்கையில் மறுபடி நீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். காய்கள், கீறிய பச்சைமிளகாய், இஞ்சி எல்லாம் இரண்டாம் பாலில் வேகட்டும். முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பாலில் கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் பிடித்திருப்பது புரதம். தளதளவென்று கொதித்தால் அந்தப் பிடி விட்டுப்போய், மேலே எண்ணெயும் கீழே திரிந்த பாலுமாகப் பிரிந்துவிடும். புளிப்பும் அதே வேலையைச் செய்யும் என்பதால் எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகு விட வேண்டும்.

பருப்பும் காயும் வெந்ததில் தேங்காய், சீரகம் அரைத்துச் சேர்த்தால் கூட்டு. மேலே துருவல் தூவினால் பொரியல். சோம்பு, கசகசா, பொட்டுக்கடலையோடு தேங்காய் அரைத்து விட்டால் அது குருமா. வறுப்பதைக் குறிக்கும் துருக்கிச் சொல் உருது வழியாக வந்து சேர்ந்தது. புரோட்டாக் கடையில் போய் அதற்குத் தனித்தமிழ் தேடுவது வெட்டிவேலை, இருந்துவிட்டுப் போகட்டும்.

சில்லாகக் கீறிப் போடுவது ஈரோட்டுக்கு எதிரே காவிரிக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்துப் பாணி. கோழியும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதங்கி வரும். அது வறுவல். யாராவது மெனுவில் 'கோகனட் சிக்கன் கறி' என்று எழுதியிருந்தால், பிசைந்து சாப்பிடக் குழம்பு வரும் என்று நம்பி வெறும் சாதம் சொல்லிவிடாதீர்கள். கூடவே ஒரு ரசமும் சொல்லிவையுங்கள்.