பானெட்டைத் தூக்கிப் பார்த்து டைகர் வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். 1960-களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான சன்பீம் டைகர் வாங்கிய பலரும் முதலில் பானெட்டைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். “ஃபோர்டு வி8, பாருங்க!” ஆனால் கார் அசல் டைகர்தான் என்று கொஞ்சமும் நிரூபிக்காத பொருள் அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்தான்.

பிரிட்டனின் ரூட்ஸ் கார் நிறுவனம் தயாரித்த சன்பீம் ஆல்பைன் அழகான சின்னக் கார். ஆனால் அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இழுவை போதவில்லை. அமெரிக்காவில் பந்தய கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பி அதே பாடிக்குள் ஃபோர்டின் 260 கன அங்குல வி8-ஐ அடக்கி மாதிரி வண்டி செய்து கொடுத்தார். அதுதான் டைகர் ஆனது. சக்தி 164 குதிரைத்திறனுக்கு ஏறியது. 1964 முதல் 1967 வரை, வெஸ்ட் பிராம்விச்சில் ஜென்சன் தொழிற்சாலையில் சுமார் 7,000 டைகர்கள் தயாராகின. பிறகு ரூட்ஸ், ஃபோர்டின் போட்டியாளரான கிரைஸ்லர் கைக்குப் போனது. கிரைஸ்லரின் சொந்த வி8-க்கு டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பின்பக்கம் இருந்ததால் அது உள்ளே பொருந்தவில்லை. டைகர் அதோடு நின்றது.

ஆல்பைன் இதைவிடப் பல மடங்கு அதிகம் விற்ற கார், விலையும் குறைவு. ஃபோர்டு வி8 கிடைப்பதும் சிரமமில்லை. ஆகவே ஆல்பைனில் வி8-ஐ இறக்கி, டைகரின் சேசிஸ் எண் தகட்டையும் மாட்டி, டைகர் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரை. எஞ்சின் நுழைய இடம் பத்தாததால், பெயின்ட் அடித்து வந்த பாடியையே ஜென்சன் தொழிலாளர்கள் சம்மட்டியால் அடித்து இடம் பண்ணினார்கள். அந்த நசுங்கல்தான் டைகரின் பிறப்புச் சான்று! எஞ்சினின் இடது சிலிண்டர் வரிசையில் ஒரு ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் பக்கமிருந்து கழற்றவே முடியாது. அதற்காக ஃபயர்வாலில் ஓட்டை போட்டு ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். காருக்குள் இருந்தபடிதான் அதைக் கழற்ற வேண்டும். அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து, ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் (பல் சக்கரம் பல் கம்பியை நகர்த்தும் வகை), பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இவை ஆல்பைனில் கிடையாது. திறமையான ஆள் இவற்றையும் பிற்பாடு பொருத்திவிடலாம். அதனால் ஒவ்வொரு வெல்டிங்கையும் பழையதா புதியதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒருமுறை, நல்ல தொகை கொடுத்து வாங்கிய ஒருவரின் காரில் கார்பெட்டைத் தூக்கினேன். ஓட்டை இருந்தது. ஆனால் அதன் விளிம்பில் பழைய பெயின்ட் இல்லை, வெட்டின உலோகம் புதிதாய் மின்னியது. பக்கத்தில் பட்டி பூசித் தேய்த்திருந்தார்கள். அவருக்கு விஷயத்தைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பாதி நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

பணம் கைமாறும் முன்பே கார்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டைகர் உரிமையாளர் சங்கங்களில், வண்டியை நேரில் பார்த்து அசலா என்று சான்று தரும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்று இல்லாத டைகருக்கு ஆல்பைன் விலைக்கு மேல் பேசாதீர்கள்.