"என்னை எலி கடிக்கேல்லை, டொக்டர்"

காலபோக நெல் விதைப்பு தொடங்கினால் எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் கட்டில் நிரம்பிவிடும். சென்ற கிழமை கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். ஆறு நாள் காய்ச்சல். கண் சிவந்திருந்தது, கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை, வருவதற்கு முந்தின நாளிலிருந்து சலமும் சரியாகப் போகவில்லை. ஏன் ஐயா இவ்வளவு பிந்தினீங்கள் என்று கேட்டேன். "டெங்கு இல்லை எண்டு ரிப்போர்ட் வந்தது. எலிக்காய்ச்சலோ எண்டு மகள் கேட்டவள்தான். ஆனா என்னை எலி ஒண்டும் கடிக்கேல்லையே, டொக்டர்."

இந்தப் பதிலை இந்த மழைக்குள் எத்தனை தரம் கேட்டுவிட்டேன்!

கடித்து நோய் தருவது நுளம்பு. எலிக்கு உங்களைக் காணவேண்டிய தேவையே இல்லை. இரவில் வயல் வரம்பால் ஓடும்போது சலம் விட்டுப் போய்விடும். அதன் சிறுநீரகத்தில் குடியிருக்கும் கிருமி ஈரச் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீங்கள் இறங்கும்போது பித்தவெடிப்பால், சிறு கீறலால், முகம் கழுவினால் கண்ணால் உள்ளே போகும். எலியை நீங்கள் கண்டிருக்கவே வேண்டாம். வீட்டில் பூனை நிற்கிறது என்பதும் பதில் அல்ல, நோய் வயலிலிருந்து வருகிறது. மாடும் நாயும்கூட இந்தக் கிருமியைக் காவும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஊரைப் பயமுறுத்தி உயிர்களைக் கொண்டுபோனதும் இதுதான்.

டெங்கு நுளம்பு வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில் பெருகும், பகலில் கடிக்கும். அது தருவது வைரஸ், அதைக் கொல்ல மருந்தில்லை. எலிக்காய்ச்சல் பாக்டீரியா. நேரத்தோடு வந்தால் பென்சிலினுக்கே அடங்கும். அதுதான் எனக்கு வயிறெரிகிறது! டெங்கு இல்லை என்ற ரிப்போர்ட் எலிக்காய்ச்சல் இல்லை என்று சொல்லவில்லை.

வயலில் இறங்கமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்ளின் கேளுங்கள். இலவசம். கிழமைக்கு ஒருக்கால் 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, வயல்வேலை முடியும்வரை. வாங்கி அலுமாரியில் வைக்காதீர்கள், விழுங்குங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் கேட்காமல் எடுக்கக்கூடாது. காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். வேறு நோக்குளிசை இரண்டு நோயிலும் ஆபத்து.

இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. வந்ததும், நாங்கள் கேட்க மறந்தாலும், "வயலுக்குள்ள இறங்கினனான்" என்று முதலில் சொல்லுங்கள், தயவுசெய்து.